உன்னைப் போல் ஒருவன்

ஜெயகாந்தன் (1934–2015) எழுதிய குறுநாவல். சென்னைச் சேரியில் தாய் தங்கத்துடன் வாழும் சிறுவன் சிட்டியின் கதை. கிளி ஜோசியக்காரன் மாணிக்கத்தோடு தாய் கொண்ட உறவை அவனால் பொறுக்க முடிவதில்லை. அவன் வெறுப்பின் முன் மாணிக்கம் விலகிப்போகிறான். பிள்ளைப்பேற்றில் தங்கம் இறந்ததும், எந்த உறவை வெறுத்தானோ அதில் பிறந்த குழந்தையைச் சிட்டியே கையில் ஏந்திக்கொள்கிறான். கோபக்காரச் சிறுவன் பொறுப்பேற்கும் இந்த மாற்றமே படைப்பின் உயிர்.

ஜெயகாந்தனே இயக்கிய திரைவடிவம் 1965இல் வெளியாகி தேசிய விருது பெற்றது. கோபக்காரச் சிறுவன் ஒருவனின் மாற்றத்தையே பேசும் பென் மிக்கேல்சனின் 2001ஆம் ஆண்டு அமெரிக்க இளையோர் நாவலில், சக மாணவனை அடித்து நொறுக்கிய கோல் மேத்யூஸை சமரச நீதிவட்டம் அலாஸ்காத் தீவுக்கு அனுப்பித் திருத்த முயல்கிறது. சிட்டிக்கோ மன்றமுமில்லை, தீவுமில்லை. ஆதரவற்ற சிசு ஒன்றே அவனை ஆளாக்குகிறது.