வைக்கத்துச் சாலையும் மாற்றுச் சமயத்தாரும்

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வைக்கம் நகரில், மகாதேவர் கோயிலைச் சுற்றிச் செல்லும் சாலைகள் அரசின் பொதுப் பணத்தால் பேணப்பட்டவை. அவற்றில் சாதி இந்துக்கள் நடந்தனர், கிறித்தவர் நடந்தனர், இசுலாமியரும் நடந்தனர். ஈழவருக்கும் புலையருக்கும் மட்டும் வழி இல்லை. அக்கோயிலின் இறைவனை வணங்குவோர் தடுக்கப்பட்டனர். வணங்காதோர் தடையின்றிச் சென்றனர். சமயம் மாறினால் அதே மனிதனின் காலுக்கு அதே சாலை திறந்துவிடும் என்பதே அந்த ஏற்பாட்டின் விந்தை.

இத்தடையை எதிர்த்து 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய வைக்கம் சத்தியாகிரகம், 1925 நவம்பர் 23 வரை நடைபெற்றது. தீண்டாமை ஒழிப்பு வரலாற்றில் அதற்குரிய இடம் பலராலும் எழுதப்பட்டுள்ளது. ஆயினும், அப்போராட்டத்தினுள்ளேயே எழுந்த வேறொரு வினா போதிய அளவு பேசப்படவில்லை. ஒரு சமயத்தினுள் நிகழும் அநீதியை எதிர்க்க மற்றொரு சமயத்தாருக்கு உரிமை உண்டா என்பதே அவ்வினா.

மதுரையிலிருந்து வந்தவர்

அவ்வினாவின் நடுவில் நின்றவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். 1887இல் செங்கன்னூரில் சிரியன் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த அவர், மதுரையில் வழக்கறிஞராக விளங்கினார். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கொடுமைக்கு ஆளான பிறமலைக் கள்ளர்களுக்காக வாதாடியவர். அம்மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்தனர். அவர்களுக்காக நின்றபோது அவர்கள் எந்தச் சமயத்தார் என்று அவர் பார்க்கவில்லை. வைக்கத்திலும் அவ்வாறே நின்றார்.

முதல் நாளில் சாலைக்குள் செல்ல முயன்று சிறைப்பட்டவர் மூவர்: புலையரான குஞ்ஞாப்பி, ஈழவரான பாகுலேயன், நாயரான கோவிந்தப் பணிக்கர். ஏறத்தாழ ஒரு வாரத்தில் டி. கே. மாதவனும் கே. பி. கேசவமேனனும் சிறை சென்றனர். தலைமைப் பொறுப்பு ஜார்ஜ் ஜோசப்பிடம் வந்தது. அந்நாட்களில்தான் ஏப்ரல் 6 நாளிட்ட காந்தியடிகளின் கடிதம் எழுதப்பட்டது. தீண்டாமை இந்துக்களின் பாவம்; அதற்குக் கழுவாய் தேட வேண்டியவர்களும் இந்துக்களே; ஆதலின் இப்பணியை அவர்களிடமே விட்டுவிடுதல் நன்று என்பது அதன் சாரம். அடுத்த சில நாட்களில் ஜார்ஜ் ஜோசப்பும் கைது செய்யப்பட்டார்.

காந்தியடிகளின் கருத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. கிறித்தவர் ஒருவர் தலைமையேற்றால், சாதிக் கொடுமையைப் பற்றிய பேச்சு சமயப் பூசலாகத் திரிக்கப்படும் என்று அவர் அஞ்சினார். சாதி இந்துக்களின் மனம் உள்ளிருந்தே மாற வேண்டும் என்றும் நம்பினார். ஜார்ஜ் ஜோசப்போ, இதனை ஒரு சமயத்தின் உள்வீட்டுக் காரியமாகக் கருதவில்லை. பொதுச்சாலையில் நடப்பது குடிமகனின் உரிமை. அவ்வுரிமை பறிக்கப்படுமிடத்தில் குடிமக்கள் அனைவருக்கும் பங்குண்டு என்பது அவர் நிலை.

அடுப்பும் அணைந்தது

ஏப்ரல் இறுதியில் பஞ்சாபிலிருந்து அகாலிச் சீக்கியர் வந்து சத்தியாகிரகிகளுக்கு இலவச உணவுச்சாலை நடத்தினர். சாதி கேட்காது ஒரே பந்தியில் உண்பது சீக்கியரின் லங்கர் மரபு. தீண்டாமைக்கு அதைவிடத் தக்க மறுமொழி வேறில்லை. எனினும், சுயமரியாதையுடன் போராடுவோர் பிறர் ஈகையில் உண்ணலாகாது என்று காந்தியடிகள் அதனையும் ஏற்கவில்லை. அகாலிகள் பின்னர் விடைபெற்றனர்.

போராட்டம் ஓயவில்லை. அழைப்பை ஏற்று ஏப்ரல் 13 அன்று வந்துசேர்ந்த ஈ. வெ. ராமசாமி இருமுறை சிறைப்பட்டார். நாகம்மையாரும் களத்தில் நின்றார். சூலை வெள்ளத்தில் தொண்டர்கள் நீரில் நின்றபடியே அறப்போர் புரிந்தனர். நாராயண குரு தம் வெல்லூர் மடத்தை அவர்கள் தங்குவதற்கு அளித்தார். ஆயிரம் ரூபாயும் ஈந்தார். நவம்பரில் மன்னத்து பத்மநாபன் தலைமையில் சாதி இந்துக்கள் வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு நடந்தனர். கோட்டாற்றிலிருந்து எம்பெருமாள் நாயுடு தலைமையில் மற்றோர் அணி புறப்பட்டது. 25,000க்கும் மேற்பட்ட சாதி இந்துக்கள் கையொப்பமிட்ட விண்ணப்பம் அரசப் பிரதிநிதி சேது லட்சுமிபாயிடம் அளிக்கப்பட்டது. உள்ளிருந்து மனம் மாறும் என்ற காந்தியடிகளின் நம்பிக்கை வீண்போகவில்லை என்பதற்கு இது சான்று. ஆயினும் 1925 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் சாலைத் தீர்மானம் 21க்கு 22 என ஒரே வாக்கில் தோற்றது.

மார்ச்சில் காந்தியடிகளே வைக்கம் வந்தார். எதிர்த்தரப்பின் தலைவரான இண்டந்துருத்தி நம்பூதிரியின் மனைக்குச் சென்று வாதிட்டார். வைசியர் என்பதால் அவரை உள்ளே அழைக்காமல் புறத்தே அமர்த்தியே பேசினர். இந்துக்களின் காரியத்தை இந்துக்களிடம் விடுக என்றவர், அந்த மனையின் பார்வையில் தாமும் புறத்தாரே என்பதைக் கண்டிருக்க வேண்டும். வேலி என்பது ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒன்றை ஏற்றால் அதனுள் மற்றொன்று முளைக்கும்.

சமன்பாட்டின் விலை

இறுதியில் ஏற்பட்ட உடன்பாட்டில் மூன்று பக்கத்துச் சாலைகள் அனைவர்க்கும் திறக்கப்பட்டன. கிழக்குச் சாலை உயர்சாதியார்க்கே ஒதுக்கப்பட்டது. அதுவரை அதில் நடந்துவந்த கிறித்தவரும் இசுலாமியரும்கூட இனி நடக்கலாகாது என்றாயிற்று. ஈழவர்க்கும் புலையர்க்கும் உரிமை தருவதற்கு மாறாக, மற்றவர் உரிமையைப் பறித்து அங்கே ஒரு சமன்பாடு செய்யப்பட்டது. அண்டை வீட்டான் வாசலில் பூட்டப்பட்ட விலங்கு தன் காலுக்கும் வரும் என்பதை அக்கிழக்குச் சாலை மெய்ப்பித்தது. இது கிறித்தவருக்கும் தொடர்புள்ள காரியமே என்ற ஜார்ஜ் ஜோசப்பின் வாதத்திற்கு அவரது எதிர்ப்பக்கமே எழுதித்தந்த சான்று அது.

1936 நவம்பர் 12 அன்று வெளியான ஆலயப் பிரவேசப் பிரகடனம் திருவிதாங்கூரின் அரசுக் கோயில்களையே எல்லா இந்துக்களுக்கும் திறந்தது. அதற்கு முன் ஈழவத் தலைவர்கள் வேறு சமயங்களைத் தழுவுவது பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கியிருந்தனர். அந்த அச்சமும் பிரகடனத்திற்கான காரணங்களுள் ஒன்று என்பர் வரலாற்றாசிரியர். 1924இல் தோழராக வந்த மாற்றுச் சமயத்தாரை விலகச் சொன்ன சமூகம், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர்களை அஞ்சியே கதவைத் திறந்தது.

1938இல் மதுரையில் காலமான ஜார்ஜ் ஜோசப், தம் வாதத்தில் வென்றவராக அன்று கருதப்படவில்லை. சமய நல்லிணக்கம் என்பது அவரவர் வேலிக்குள் அவரவர் அமைதியாக இருப்பதுதான் எனில், அவர் செய்தது பிழை. வழி மறிக்கப்பட்டவன் பக்கத்தில் போய் நிற்பதுதான் எனில், தமக்குத் திறந்திருந்த சாலையில் பிறருக்கும் வழி வேண்டிச் சிறை சென்ற அந்தக் கிறித்தவரே அதன் பொருளை வைக்கத்தில் எழுதியவர்.