மார்ஃபின்: வலியைத் தணித்த மருந்தும் வழியை அடைத்த சட்டமும்

திருச்செந்தூர், தூத்துக்குடிக் கடற்கரையில் வாழும் நமக்கு முத்துக் குளிப்பு புதிய செய்தியன்று. கல்லின் துணையோடு கடலில் மூழ்கியவர் மூச்சு முட்டும்போது கயிற்றை இழுப்பார். தோணியில் இருப்பவர் உடனே மேலே தூக்குவார். நம் உடலில் வலியும் இத்தகைய எச்சரிக்கையே. விரலில் நெருப்புப் பட்டதும் நரம்புகள் மின் துடிப்புகளாகச் செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன.

ஆனால் ஆபத்தை அறிந்த பின்னும் அந்தக் கயிறு இரவு பகலாக இழுபட்டுக் கொண்டேயிருந்தால்? முற்றிய புற்றுநோயில் பலர் படும் துன்பம் இதுவே. கட்டி நரம்பை அழுத்துகிறது, எலும்பை அரிக்கிறது. சிகிச்சையாலும் சில வேளைகளில் வலி உண்டாகிறது. இங்கு வலியால் எப்பயனும் இல்லை.

இவ்வலிக்கு மருந்து உண்டா? உண்டு. கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்டூர்னர் என்ற ஜெர்மானிய இளைஞர் அதிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். அது எப்படி வேலை செய்கிறது என்பது வெகு காலம் புதிராகவே இருந்தது. மூளையிலும் தண்டுவடத்திலும் மார்ஃபின் பொருந்தும் ஏற்பிகள் உண்டு என்பது 1973-இல் புலனாயிற்று. 1975-இல் நம் உடலே இவ்வகைப் பொருள்களைச் சுரக்கிறது என்றும் தெரிய வந்தது. பூட்டு நம்முள்ளேயே இருக்கிறது. சாவியைத்தான் செடி தருகிறது!

லண்டனில் 1967-இல் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் முற்றிய நோயாளிகளுக்கென ஓர் இல்லம் திறந்தார். வலி வந்த பின் மருந்து தேடாமல், வருமுன்பே மணி தவறாமல் கொடுக்க வேண்டும் என்று அவர் காட்டினார். 1986-இல் உலக சுகாதார நிறுவனம் மூன்று படிகளை வகுத்தது. முதற்படி பாரசிட்டமால் போன்றவை, அடுத்தது கோடீன், கடைசிப் படி மார்ஃபின். இன்று அவரவர் வலிக்கேற்ப மருந்தைத் தேர்கிறார்கள். கடும் வலிக்கு நேரே மார்ஃபினையும் தொடங்குவதுண்டு.

இனி நம் நாட்டைப் பாருங்கள். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றில் அரசின் உரிமத்தோடு அபின் விளைகிறது. ஆனாலும் நம் நோயாளிகள் வலியால் துடித்தனர். ஏன் இந்த முரண்பாடு? 1985-இல் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கடத்தலைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆனால் பல உரிமங்கள் தேவைப்பட்டன. பல குற்றங்களுக்குக் குறைந்தது 10 ஆண்டுச் சிறை. அஞ்சிய மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபின் வைத்திருப்பதையே விட்டுவிட்டன. மருத்துவத்துக்கான பயன்பாடு சுமார் 97 சதவீதம் சரிந்து, 1997-இல் நாடு முழுவதற்கும் வெறும் 18 கிலோ என்றாயிற்று!

மாற்றம் கேரளத்தில் துளிர்த்தது. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் முதலியோர் வலி தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினர். மாத்திரையைப் பத்திரமாக வீட்டுக்கே கொடுத்தனுப்ப முடியும் என்று செய்து காட்டினர். இத்தகையோரின் நெடிய முயற்சிக்குப் பின் 2014-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மருத்துவமனைகள் மார்ஃபின் பெறும் வழி எளிதாயிற்று. ஆயினும் பயமும் பயிற்சிக் குறைவும் முற்றிலும் அகலவில்லை.

"பழக்கமாகி விடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். மருத்துவர் அளந்து கொடுத்துக் கண்காணிக்கும்போது அந்த அபாயம் குறைவு. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து உண்டு. திடீரென நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மார்ஃபின் ஒன்றே வழியுமன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாறில் எழுந்தது புற்றுநோய் மருத்துவமனை. அத்தகைய இடங்களில் தரப்படும் கதிர்வீச்சு, கட்டியை அழிப்பதோடு வலியையும் தணிக்கும். எலும்பில் பரவிய நோயில் ஒரே தடவை தரும் 8 கிரே அளவுக் கதிரே பலருக்கு வலியைக் குறைத்து விடுகிறது.

வெப்பத்தை அளக்க வெப்பமானி உண்டு. வலியை அளக்க எக்கருவியும் இல்லை. பூஜ்யம் முதல் பத்துக்குள் நோயாளி சொல்லும் எண்ணே அளவு. ஆகவே உங்கள் வீட்டிலோ அண்டையிலோ ஒருவர் வலிக்கிறது என்றால், "பொறுத்துக்கொள்" என்று சொல்லாதீர்கள். அவர் சொல்லும் எண்ணை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.