யூரிக் அமிலம்: பியூரின் நியூக்ளியோடைடுகளின் சிதைவு கண்டறியப்பட்ட வரலாறு

யூரிக் அமிலம் என்பது மனித உடலில் பியூரின் வகை நியூக்ளியோடைடுகள் சிதைந்தபின் மிஞ்சும் கழிவுப்பொருள் ஆகும். முதலில் இது சிறுநீரகக் கல்லில் கண்டறியப்பட்டது. பிறகு கவுட் எனப்படும் கீல்வாத நோயாளிகளின் மூட்டுகளிலும் இரத்தத்திலும் காணப்பட்டது. இதைத் தொடர்ந்து நடந்த ஆய்வுகள்தான், செல்லுக்குள் பியூரின்கள் உருவாகும் வழியையும் அழியும் வழியையும் விளங்கவைத்தன.

நைட்ரசன் காரம், ஐந்து கார்பன் சர்க்கரை, பாஸ்பேட் ஆகிய மூன்றும் இணைந்ததே நியூக்ளியோடைடு. காரம் இரட்டை வளையமாக இருந்தால் பியூரின். அடினினும் குவானினும் அவ்வகை. ஒற்றை வளையமாக இருந்தால் பிரிமிடின். டி.என்.ஏ.வும் ஆர்.என்.ஏ.வும் இவற்றால் கட்டப்பட்டவை. செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யும் ஒரு நியூக்ளியோடைடுதான். பள்ளிப் பாடம் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகிறது. இம்மூலக்கூறுகள் பழையனவாகிக் கழியும்போது என்ன ஆகின்றன என்பதும் அதே அளவு முக்கியமான கேள்வி.

பியூரின்கள் சிதையும்போது ஹைப்போசாந்தைன், சாந்தைன் ஆகிய பொருள்கள் தோன்றுகின்றன. சாந்தைன் ஆக்சிடேஸ் என்னும் நொதி இவற்றை யூரிக் அமிலமாக மாற்றுகிறது. பெரும்பாலான பாலூட்டிகளில் யூரிக்கேஸ் என்ற இன்னொரு நொதி அதையும் உடைத்து, நீரில் எளிதில் கரையும் அலன்டாயின் ஆக்கிவிடும். மனிதனும் வாலில்லாக் குரங்குகளும் பரிணாமத்தில் இந்த நொதியை இழந்துவிட்டனர். அதனால் மனித இரத்தத்தில் யூரிக் அமிலம் கரையும் எல்லைக்கு அருகிலேயே எப்போதும் இருக்கிறது. 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராமைத் தாண்டினால் படிகமாகும் வாய்ப்பு உண்டாகிறது.

கல்லும் நூலும்

1776இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் கார்ல் வில்லெம் ஷீலே சிறுநீர்க் கல்லிலிருந்து யூரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். கவுட் நோயாளிகளின் மூட்டில் படியும் சுண்ணாம்பு போன்ற கட்டியும் இதே அமிலத்தின் உப்புதான் என்று 1797இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் காட்டினார். ஆனால் இரத்தத்தில் அது மிகுந்திருக்கிறதா என்பது மேலும் அரை நூற்றாண்டு தெரியவில்லை.

அதை 1848இல் நிறுவியவர் லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் பேரிங் கேரட். பின்னர் அவர் வகுத்த சோதனை மிக எளியது. நோயாளியின் இரத்தத் தெளிநீரை ஒரு தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, சிறிது அசிட்டிக் அமிலம் சேர்த்து, அதில் ஒரு லினன் நூலிழையைப் போட்டு வைத்தார். யூரிக் அமிலம் மிகுந்திருந்தால் ஓரிரு நாளில் நூலில் படிகங்கள் ஒட்டியிருக்கும். கற்கண்டு நூலில் படிவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அவருடைய மகன் ஆர்ச்சிபால்ட் கேரட், பிறவியிலேயே ஒரு வேதிமாற்றம் தடைபடுவதால் நோய் வரலாம் என்ற கருத்தை 1908இல் முன்வைத்தார். தந்தை ஆராய்ந்த யூரிக் அமிலமே அக்கருத்துக்குப் பிற்காலத்தில் ஒரு கடுமையான சான்றாக அமைந்தது.

யூரிக் அமிலம், அடினின், குவானின், காப்பியில் உள்ள கஃபீன் ஆகிய அனைத்தும் ஒரே குடும்பம் என்பதை ஜெர்மனியின் எமில் ஃபிஷர் தெளிவாக்கினார். பியூரின் என்ற பெயரும் அவர் இட்டதே. செல் உட்கருப் பொருளில் இந்தக் காரங்கள் இருப்பதை ஆல்பிரெக்ட் கோசெல் காட்டினார்.

வேதியியல் இவ்வளவு முன்னேறியும் நோயாளிக்குக் கிடைத்தது பெரும்பாலும் பழைய கோல்கிசின் மருந்துதான். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் உள்ள அதே நச்சுப்பொருள் இது. மருத்துவர் தரும் சிறிய அளவில் வீக்கத்தையும் வலியையும் அடக்கும்; யூரிக் அமிலத்தைக் குறைக்காது.

தேடியது ஒன்று, கிடைத்தது இன்னொன்று

திருப்பம் புற்றுநோய் ஆய்விலிருந்து வந்தது. ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், நியூயார்க் அருகே டக்காஹோவில் இருந்த பரோஸ் வெல்கம் ஆய்வகத்தில் 1942இல் சேர்ந்தார். 1944இல் அவருடன் சேர்ந்தவர் கெர்ட்ரூட் எலியன். எலியனின் பதினைந்தாவது வயதில் அவருடைய தாத்தா புற்றுநோயால் இறந்தார். வேதியியல் படிக்கத் தூண்டியது அந்த மரணம். கல்லூரியில் சிறந்த தேர்ச்சி பெற்றும், பெண் என்பதால் ஆய்வக வேலை எளிதில் கிடைக்கவில்லை. பள்ளியில் பாடம் நடத்தினார். உணவு நிறுவனம் ஒன்றில் ஊறுகாயின் புளிப்பைச் சோதித்தார். முனைவர் படிப்பைத் தொடர வேண்டுமானால் வேலையை விட வேண்டும் என்றபோது, அவர் விட்டது படிப்பை.

விரைந்து பெருகும் செல்லுக்கு நியூக்ளியோடைடுகள் ஏராளமாகத் தேவை. அசல் பியூரினைப் போலத் தோற்றமளிக்கும் போலிப் பொருளைக் கொடுத்தால் அந்தச் செல் ஏமாறும் என்பதே இருவரின் எண்ணம். அப்போது குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்துகள் மிகச் சிலவே. அவற்றில் ஒன்றான அமினோப்டெரின், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் தலைமையிலான லெடர்லே ஆய்வகத்தில் உருவானது. 1951இல் எலியன் உருவாக்கிய 6-மெர்காப்டோபியூரின் 1953இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. குழந்தைகள் தேறினர், ஆனால் பலருக்கு நோய் திரும்பி வந்து உயிரைப் பறித்தது.

மருந்தின் பெரும்பகுதி உடலிலேயே வீணாவது தெரியவந்தது. அதை அழித்தது சாந்தைன் ஆக்சிடேஸ். அந்த நொதியைத் தடுத்தால் மருந்து நீடிக்கும் என்று கருதி அலோபுரினாலைச் சோதித்தனர். இது ஹைப்போசாந்தைனில் ஒரு கார்பனும் ஒரு நைட்ரசனும் இடம் மாறிய வடிவம். நொதி இதை வழக்கமான இரை என்று பற்றி மாற்றுகிறது. மாறிய பொருளோ நொதியிலேயே இறுகப் பற்றிக்கொள்கிறது. புற்றுநோய் மருந்தின் வலிமை கூடியது. நச்சுத்தன்மையும் அதே அளவில் கூடியதால் சிகிச்சையில் ஆதாயம் இல்லை. ஆனால் நோயாளிகளின் யூரிக் அமிலம் வெகுவாகக் குறைந்திருந்தது. டியூக் பல்கலைக்கழக மருத்துவர் வெய்ன் ரண்டில்ஸ் அதைக் கவுட் நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1966இல் அலோபுரினால் ஒப்புதல் பெற்றது. இரு மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்க நேர்ந்தால் 6-மெர்காப்டோபியூரினின் அளவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும் என்ற விதி அன்றிலிருந்து தொடர்கிறது. முனைவர் பட்டப் படிப்பை முடிக்காத எலியன், 1988இல் ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார்.

இரண்டு சகோதரர்கள்

1964இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், மருத்துவ மாணவர் மைக்கேல் லெஷும் குழந்தை மருத்துவர் வில்லியம் நைஹனும் இரு சகோதரர்களைப் பற்றி எழுதினர். சிறுவர்களின் உடலில் யூரிக் அமிலம் இயல்பைவிடப் பல மடங்கு உருவாயிற்று. கைகால்கள் கட்டுக்கடங்காமல் முறுக்கின. எல்லாவற்றிலும் கொடியது, தம் உதட்டையும் விரல்களையும் தாமே கடித்துச் சிதைத்துக்கொண்டது. வலி உணராததால் அல்ல. இந்நோய் உள்ள குழந்தைகள் வலியால் அலறுகிறார்கள், தம் கைகளைக் கட்டிவைக்கும்படி கேட்கிறார்கள்.

1967இல் ஜார்விஸ் சீக்மில்லரும் உடன் ஆய்வாளர்களும் காரணத்தைக் கண்டனர். செல் பியூரின்களை அடிப்படைப் பொருள்களிலிருந்து புதிதாகக் கட்டலாம். சிதைந்த காரங்களை மீட்டு மறுபடி நியூக்ளியோடைடு ஆக்கவும் செய்யலாம். ஹைப்போசாந்தைனையும் குவானினையும் மீட்கும் நொதி எச்.ஜி.பி.ஆர்.டி. எக்ஸ் குரோமோசோமில் உள்ள இதன் மரபணு பழுதானதால் அச்சிறுவர்களுக்கு அந்நொதி இல்லை. மீட்கப்படாத காரங்கள் யாவும் யூரிக் அமிலமாயின. மீட்பு நின்றதால் புதிய உற்பத்தியும் வரம்பின்றி ஓடியது. அதுவரை மீட்பு வழி ஒரு சிக்கன ஏற்பாடாகவே எண்ணப்பட்டது. இந்நொதி ஓரளவு மட்டும் குறைந்திருப்பவர்களுக்கு இளவயதிலேயே கவுட் வருவதும் அதே ஆண்டில் தெரியவந்தது.

அலோபுரினால் இக்குழந்தைகளின் சிறுநீரகத்தைக் காக்கிறது. பிறந்தது முதலே கொடுத்தாலும் கடித்துக்கொள்ளும் பழக்கத்தை அது தடுப்பதில்லை. ஆகவே மூளைப் பாதிப்புக்கு யூரிக் அமிலம் காரணம் அல்ல என்பது உறுதியாயிற்று. மூளையின் அடித்தள முடிச்சுகளில் டோபமைன் குறைவாக இருப்பது பின்னர் கண்டறியப்பட்டது.

1972இல் எலோயிஸ் ஜிப்லெட், அடினோசின் டிஅமினேஸ் என்னும் மற்றொரு பியூரின் நொதி இல்லாத குழந்தைகளுக்கு நோய் எதிர்ப்பாற்றல் அமையாததைக் கண்டார்.

எச்.ஜி.பி.ஆர்.டி. குறைபாடு ஆய்வகத்தில் ஒரு கருவியாகவும் ஆனது. 1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும், இந்நொதி இல்லாத புற்றுச்செல்லை எதிர்ப்பொருள் சுரக்கும் செல்லுடன் இணைத்தனர். ஊடகத்தில் இருந்த அமினோப்டெரின் புதிய உற்பத்தியை அடைத்துவிடும். இணையாத புற்றுச்செல்களுக்கு மீட்பு வழியும் இல்லாததால் அவை மடிந்தன. துணைச் செல்லிடமிருந்து நொதியைப் பெற்ற கலப்புச் செல்கள் மட்டும் பிழைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளை இடைவிடாது சுரந்தன.