பட்டத்துக்குப் படிப்பதா, படிப்புக்காகப் படிப்பதா?

பல்கலைக்கழகம் என்றதும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள். வேலை, குடும்பம் என்று ஆன பிறகு படிக்க ஆசைப்படுபவர்கள் எங்கே போவது? இந்தக் கேள்விக்கு இங்கிலாந்து இரண்டு வழிகளைக் கண்டது. ஒன்று, தேர்வு எழுதிப் பட்டம் வாங்குவது. இன்னொன்று, தேர்வே இல்லாமல் பாடம் கேட்பது. இந்த இரண்டு வழிகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு.

தேர்வு எழுதினால் போதும்

லண்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்க, அது ஏற்ற கல்லூரி ஒன்றில் படித்திருக்க வேண்டும் என்ற விதி முதலில் இருந்தது. 1858-ல் வந்த புதிய சாசனம், மருத்துவம் தவிர மற்றப் படிப்புகளுக்கு அந்த விதியை நீக்கியது. எங்கே படித்தாலும், வீட்டிலேயே படித்தாலும், தேர்வில் தேறினால் பட்டம்! பெண்களுக்கு மட்டும் 1878 வரை கதவு திறக்கவில்லை. கடல் கடந்தும் இந்தத் தேர்வு போனது. கொழும்பில் 1921-ல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942-ல் இலங்கைப் பல்கலைக்கழகம் வரும் வரை மாணவர்களை லண்டன் பட்டத்துக்கே தயார் செய்தது.

ஆனால் இதில் ஒரு பெரிய குறை. தேர்வு வைக்க ஆள் உண்டு, சொல்லித்தர ஆள் இல்லை.

ஊர் தேடி வந்த ஆசிரியர்

அந்தக் குறையைத் தீர்த்தவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட். 1867-ல் வட இங்கிலாந்து நகரங்களில் பெண்களுக்கு அவர் விரிவுரை நடத்தினார். இளைஞர் ஒருவர் பெண்களிடம் நேரில் கேள்வி கேட்பது அன்று முறையாகக் கருதப்படவில்லை. அதனால் கேள்விகளை அச்சிட்டுக் கொடுத்தார், பதில்கள் எழுத்தில் வந்தன. ராச்டேல் ஊரில் தொழிலாளர்களுக்குப் பேசியபோது படங்களை மண்டபத்திலேயே விட்டுச் சென்றார். அடுத்த முறை வந்தால், அவற்றைப் பார்த்தவர்களிடம் நிறையக் கேள்விகள்! விரிவுரைக்குப் பின் கலந்துரையாடல் வகுப்பு என்ற முறை இப்படித்தான் பிறந்தது.

1873-ல் கேம்பிரிட்ஜ் இதைத் தன் திட்டமாக ஏற்று நாட்டிங்ஹாம், டெர்பி, லெஸ்டர் நகரங்களில் தொடங்கியது. விரிவுரை எல்லோருக்கும். விரும்பியவர்கள் வகுப்பில் உட்காரலாம், வாரந்தோறும் எழுதித் தரலாம், கடைசியில் தேர்வு எழுதிச் சான்றிதழும் பெறலாம். கேட்டுவிட்டு மட்டும் போகிறவரையும் யாரும் தடுக்கவில்லை. ஆனால் செலவுக்குக் கட்டணத்தையே நம்பியதால் ஏழைத் தொழிலாளர்களுக்கு இது எட்டாமல் போனது. நார்தம்பர்லாந்து சுரங்கத் தொழிலாளர்கள் ஆர்வமாக நடத்திய வகுப்புகள், 1887 வேலைநிறுத்தத்தோடு நின்றுபோயின.

பட்டமே வேண்டாம்

1903-ல் ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் தொழிலாளர் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். 1908 ஜனவரியில் ராச்டேலிலும் லாங்டனிலும் ஆர்.எச். டானி பொருளாதார வரலாறு எடுத்தார். மூன்று ஆண்டு வகுப்பு. ஒரு மணி நேரம் பாடம், ஒரு மணி நேரம் விவாதம், இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை. தேர்வும் கிடையாது, பட்டமும் கிடையாது. பகலெல்லாம் உழைத்தவர்கள், எந்தப் பலனும் எதிர்பார்க்காமல் வந்து படித்தார்கள்.

1971-ல் பாடம் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரண்டு வழிகளையும் சேர்த்தது. நுழையத் தகுதி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு பாடமாக முடித்து 'கிரெடிட்' சேர்க்கலாம், ஆறு சேர்ந்தால் பட்டம். பட்டம் வேண்டாதவர் ஒரு பாடத்தை மட்டும் படிக்கவும் இடமிருந்தது.

பிறகு என்ன ஆனது?

1990-களில் அரசின் பணம் கிரெடிட் உள்ள வகுப்புகளுக்கே என்று மாறத் தொடங்கியது. கட்டுரை, மதிப்பீடு வேண்டாம் என்ற முதியவர்களும் அவற்றைச் செய்தாக வேண்டியதாயிற்று. ஏற்கெனவே பட்டம் பெற்றவர் அதே நிலையில் மீண்டும் படித்தால் உதவி இல்லை என்று 2008-ல் விதி வந்தது. 2012-ல் கட்டணம் உயர்ந்தது. பகுதிநேர மாணவர் எண்ணிக்கை சரிந்தது, பல பல்கலைக்கழகங்கள் இத்துறையையே மூடின. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற சிலவும், மான்ஸ்பிரிட்ஜின் சங்கமும் இன்றும் தொடர்கின்றன.

சான்றிதழ் தேவைதான். வேலைக்கு அதுதான் உதவும். ஆனால் சான்றிதழ் தராத வகுப்புக்கு மதிப்பில்லை என்று முடிவு செய்தால், லாங்டனில் வேலை முடிந்து மாலையில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு எந்த இடமும் இருந்திருக்காது. அவர்களைப் போன்றவர்களுக்கு இன்று எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதே இந்த வரலாறு விட்டுச்செல்லும் கேள்வி.