பொதுத் தளமும் தனித்த பொருளும்: பெருந்திரள் தனிப்பயனாக்கத்தின் வரலாறு

பெருந்திரள் தனிப்பயனாக்கம் என்பது, வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் விருப்பத்துக்கும் ஏற்ற பொருளை, பெருந்திரள் உற்பத்தியின் செலவுக்கு நெருங்கிய செலவில் செய்து கொடுக்கும் முறையாகும். இச்சொல்லை அமெரிக்க எழுத்தாளர் ஸ்டான்லி டேவிஸ் 1987 இல் வெளியான தமது நூலில் கையாண்டார். ஜோசப் பைன் 1993 இல் எழுதிய நூல் அதைப் பரவலாக்கியது.

பெயர் புதியது என்றாலும் சிக்கல் பழையது. பொருளின் எப்பகுதி எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும், எப்பகுதி மாற வேண்டும் என்பது வடிவமைப்பாளரின் கேள்வி. அந்த மாற்றம் எந்த இடத்தில், எப்போது செய்யப்பட வேண்டும் என்பது வழங்கல் சங்கிலியைத் திட்டமிடுவோரின் கேள்வி. இவ்விரு கேள்விகளுக்கும் சேர்த்து விடை தேடக் கற்றுக்கொண்டதே இத்துறையின் வரலாறு.

ஒரே வகையின் காலம்

ஃபோர்டு நிறுவனம் 1908 இல் மாடல் டி மகிழுந்தை வெளியிட்டது. 1913 இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் தொகுப்பு வரிசை அமைக்கப்பட்டபின் வண்டியின் விலை தொடர்ந்து குறைந்தது. 1914 முதல் 1925 வரை அது கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது. ஆல்பிரட் ஸ்லோனின் தலைமையில் ஜெனரல் மோட்டார்ஸ் பல விலைகளிலும் பல தோற்றங்களிலும் வண்டிகளை விற்று முந்தியது. 1927 இல் மாடல் டி உற்பத்தி நின்றது. மக்கள் பலவகையை விரும்புகிறார்கள் என்பது இதனால் உறுதியாயிற்று. ஆனால் வகைகள் பெருகப் பெருக உதிரிபாகங்களும் கையிருப்பும் பெருகின.

பொதுத் தளம்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் துளையிடும் கருவி, ரம்பம் எனப் பல மின்கருவிகளைச் செய்துவந்தது. அவற்றில் பல வேறு மோட்டார்களும் உதிரிபாகங்களும் இருந்தன. 1970களின் தொடக்கத்தில், மின்னதிர்ச்சியைத் தடுக்கும் இரட்டை மின்காப்பைக் கருவிகளில் சேர்க்கவேண்டிய நிலை வந்தது. ஒவ்வொன்றாகத் திருத்தாமல், வீட்டு உபயோகக் கருவிகளை நிறுவனம் ஒருசேர மறுவடிவமைத்தது. புதிய மோட்டாரின் விட்டம் எல்லாவற்றிலும் ஒன்றே. நீளத்தை மட்டும் மாற்றி 60 வாட் முதல் 650 வாட் வரை திறன் பெறப்பட்டது. விட்டம் மாறாததால் எல்லா மோட்டார்களையும் ஒரே இயந்திர வரிசையில் செய்ய முடிந்தது. இவ்வாறு பல பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் பொதுவான அமைப்பே தயாரிப்புத் தளம் எனப்படுகிறது.

ஒத்திவைப்பு

தளம் பொதுவாக இருந்தால் மட்டும் போதாது என்பதை ஹியூலெட்-பேக்கர்டு நிறுவனத்தின் டெஸ்க்ஜெட் அச்சுப்பொறி காட்டியது. 1988 இல் வெளிவந்த இது, வாஷிங்டன் மாநிலத்தின் வான்கூவர் நகரில் செய்யப்பட்டது. நாட்டுக்கு நாடு மாறுபட்டவை மின்வழங்கி, செருகி, கையேட்டின் மொழி ஆகியவையே. அவை ஆலையிலேயே சேர்க்கப்பட்டன. அங்கிருந்து கப்பலில் ஐரோப்பாவை அடைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. எந்த நாட்டில் எத்தனை விற்கும் என்பதை அவ்வளவு முன்னதாகச் சரியாகக் கணிக்க இயலவில்லை. ஒரு நாட்டுக்கான அச்சுப்பொறிகள் கிடங்கில் தேங்கியிருக்க, மற்றொரு நாட்டுக்கானவை தட்டுப்படும் நிலை ஏற்பட்டது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாவ் லீயும், அந்நிறுவனத்தின் கோரி பில்லிங்டனும் இச்சிக்கலை ஆராய்ந்தனர். மின்வழங்கியைக் கடைசியில் இணைக்கும்படி அச்சுப்பொறி மாற்றியமைக்கப்பட்டது. பொதுவான அச்சுப்பொறிகள் கப்பலேறின. மின்வழங்கியும் கையேடும் அந்தந்தப் பகுதியின் விநியோக மையத்தில் சேர்க்கப்பட்டன. இதனால் கையிருப்புச் செலவு குறைந்தது. வெள்ளைப் பெயிண்டை இருப்பு வைத்து, கேட்கும் நிறத்தைக் கடையிலேயே கலந்து கொடுப்பதும் இதே முறைதான். வேறுபடுத்துவதைக் கடைசிவரை தள்ளிப்போடும் இக்கருத்தை, சந்தையியல் அறிஞர் ரோ ஆல்டர்சன் 1950 இலேயே முன்வைத்திருந்தார். ஆனால் அச்சுப்பொறியின் வடிவமைப்பை மாற்றாமல் கிடங்கு அதிகாரிகள் மட்டும் அதை நிறைவேற்றியிருக்க முடியாது.

ஆளுக்கொரு மிதிவண்டி

ஜப்பானில் மட்சுஷிதா குழுமத்தைச் சேர்ந்த நேஷனல் பைசிக்கிள் நிறுவனம் 1987 இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கடைக்காரர் வாடிக்கையாளரின் உடலை அளந்து, அவர் தேர்ந்த வகையையும் நிறத்தையும் தொலைநகலில் ஆலைக்கு அனுப்புவார். 1.1 கோடிக்கும் மேற்பட்ட சேர்க்கைகளில் ஒன்று, ஏறக்குறைய இரண்டு வாரங்களில் வந்து சேரும். எனினும் நிறுவனத்தின் பெரும்பாலான மிதிவண்டிகள் தொடர்ந்து பெருந்திரள் முறையிலேயே செய்யப்பட்டன. ஒரு முறை மற்றொன்றை ஒழிக்கவில்லை.

எல்லைகள்

பொதுமைக்கும் விலை உண்டு. 1980களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே தளத்தில் செவ்ரோலெட், பொன்டியாக், ஓல்ட்ஸ்மொபீல், பியூக் ஆகிய நான்கு வணிகப் பெயர்களில் வண்டிகளைச் செய்தது. 1983 இல் ஃபார்ச்சூன் இதழ் அந்நான்கையும் ஒரே நிறத்தில் அட்டையில் அடுக்கிக் காட்டியது. அவற்றை வேறுபடுத்துவது கடினமாக இருந்தது. பலவகையைக் கொண்டு ஃபோர்டை வென்ற நிறுவனமே, வகைகளின் வேறுபாட்டை மங்கவிட்ட குறைகூறலுக்கு ஆளாயிற்று.

மின்கருவியின் மோட்டார் உறைக்குள் மறைந்திருந்ததால், அது பொதுவானது என்பது வாங்குபவரை உறுத்தவில்லை. மகிழுந்தின் தோற்றமோ வாங்குபவர் பணம் கொடுக்கும் காரணங்களுள் ஒன்று. எதைப் பொதுவாக்குவது என்ற கேள்விக்குச் செலவுக் கணக்கு மட்டும் விடை தராது. வாங்குபவர் எந்த வேறுபாட்டை மதிக்கிறார் என்பதையும் அறிந்தாக வேண்டும்.