குடல் ஹார்மோன்களும் வயிற்றுப்புண்ணும்

செரிமானத்துக்கு எவ்வளவு அமிலம் வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று இரைப்பைக்குச் சொல்பவை குடல் ஹார்மோன்கள். அந்தக் கட்டுப்பாடு குலைந்தால் முன்சிறுகுடலில் புண் விழும். சங்கரன்கோவில் பக்கம் 'வயிறு காந்துது' என்று மருத்துவரிடம் வருவோரில் சிலருக்கு இருப்பது இந்தப் புண்தான்.

1902இல் லண்டனில் உடலியல் ஆய்வாளர்களான பேலிஸும் ஸ்டார்லிங்கும் செக்ரிடின் என்ற குடல் ஹார்மோனைக் கண்டறிந்தனர். நரம்புகளைத் துண்டித்த குடலில் அமிலம் விட்டபோதும் கணையம் சுரந்தது. செய்தி இரத்தம் வழியே போயிருந்தது. 1905இல் எட்கின்ஸ் என்ற உடலியலாளர், இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அமிலத்தைத் தூண்டும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் இருப்பதாகச் சொன்னார். ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளும் அமிலத்தைத் தூண்டும் என்று பின்னர் தெரிந்ததும், அவர் கண்டது அதுதான் என ஒதுக்கிவிட்டார்கள். 1964இல் கிரெகரியும் ட்ரேசியும் பன்றி இரைப்பையிலிருந்து காஸ்ட்ரினைத் தனியே பிரித்துக் காட்டினர். அப்போது எட்கின்ஸ் உயிரோடில்லை.

இடைப்பட்ட காலத்தில் தென்கோடி மக்களுக்குக் கிடைத்தது கத்திதான். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் ஏறிய ஹோவர்ட் சாமர்வெல், அன்று திருவிதாங்கூரிலும் இன்று குமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்தார். புண் ஆறிய தழும்பு வழியை அடைத்துவிட, உண்டதெல்லாம் வாந்தியாகும் நிலையில் நோயாளிகள் வந்தனர். அவர் இரைப்பையைச் சிறுகுடலோடு நேரே இணைத்து உணவுக்கு மாற்றுவழி அமைத்தார். குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வாளர் மெக்கரிசன் திருவிதாங்கூர் ஏழைகளின் மரவள்ளிக்கிழங்கு உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பல எலிகளுக்கு இரைப்பைப் புண் வந்தது. பழி அன்றைக்கு உணவின் மேல் விழுந்தது. அது முழு விடையல்ல.

சோறு இரைப்பையில் இறங்கியதும் காஸ்ட்ரின் சுரக்கிறது; அது ஹிஸ்டமினை விடுவிக்க, அமிலம் பெருகுகிறது. அமிலம் போதுமானதும் சொமாட்டோஸ்டேட்டின் என்ற இன்னொரு ஹார்மோன் காஸ்ட்ரினை அடக்குகிறது. 1982இல் பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் அடையாளம் கண்ட ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி, இந்தச் சொமாட்டோஸ்டேட்டினைக் குறைத்துவிடுகிறது. காஸ்ட்ரின் அடங்குவதில்லை, மிகுந்த அமிலம் முன்சிறுகுடலை அரிக்கிறது. எட்கின்ஸும் ஹிஸ்டமின் கட்சியாரும் ஒரே தொடரின் இரு கண்ணிகளைத்தான் பிடித்திருந்தார்கள். 2005இல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கிருமியைக் கொன்றால் ஹார்மோன்கள் பெரும்பாலும் தம் அளவுக்குத் திரும்பும். அதற்கு அமிலம் குறைக்கும் மருந்தோடு நுண்ணுயிர்க்கொல்லிகளைச் சுமார் இரண்டு வாரம் சாப்பிட்டால் பெரும்பாலோருக்குப் போதும். வலி நின்றதும் பாதியில் விட்டுவிடாதீர்கள். மலம் தார்போலக் கறுத்துப் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.