தரங்கம்பாடிக் கடற்கரைக் காசுகள்

தரங்கம்பாடிக் கடற்கரை மணலில் கிடைக்கும் சிறு காசுகள் பல, டேனிஷ் ஆட்சிக் காலத்தைச் சேர்ந்தவை. தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரின் இசைவுடன் 1620-இல் இங்குக் கோட்டை கட்டிய டேனியர், 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றனர். இவ்வூரில் கடல் அரிப்பு மிகுதி; 1306-இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியையே கடல் கொண்டுவிட்டது.

அடையாளம் காணுதல்

முதலில் உலோகத்தை நோக்க வேண்டும். தொடக்ககாலக் காசுகள் ஈயத்தால் ஆனவை, பிற்காலத்தவை செம்பு. அடுத்தது அரசு முத்திரை. கிரீடத்தின் கீழுள்ள 'சி' என்னும் ரோமன் எழுத்து கிறிஸ்டியனையும், 'எஃப்' பிரெடெரிக்கையும் குறிக்கும். உடனுள்ள எண் எத்தனையாவது மன்னர் எனக் காட்டும். 'சி'யுடன் ஏழு இருந்தால் அது ஏழாம் கிறிஸ்டியன் (1766–1808) காலத்தது. பல காசுகளின் பின்புறத்தில் மதிப்பு 'காஸ்' எனப் பொறிக்கப்பட்டுள்ளது. அது நம் 'காசு' என்னும் சொல்லே. 80 காசு ஒரு 'ஃபானோ', அதாவது பணம்.

மதிப்பெண் இன்றி, மேல்விளிம்பில் வளையம் இருப்பின் அது பெரும்பாலும் பதக்கம். காசில் துளை மட்டும் இருந்தால், யாரோ அதைக் கயிற்றில் கோத்து அணிந்திருக்கலாம்.

பாதுகாத்தல்

புளியோ அமிலமோ இட்டுத் தேய்த்தால் தேய்ந்த எழுத்தும் அழிந்துவிடும். காலத்தைச் சொல்லும் சான்று அதுவே. கிடைத்த இடத்தையும் நாளையும் உடனே குறித்துக்கொள்ள வேண்டும். மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.